அவள் உயிரும் கர்த்தருடைய ஈவு



திருமண நாளுக்காக ஸ்தோத்திரம் செலுத்த வரும் தம்பதியரை, “கர்த்தர் கர்ப்பத்தின் கனியைத் தந்து ஆசீர்வதிப்பாராக” என்று வாழ்த்துவது நம் சபைகளின் நல்வழக்கம். அந்த வாழ்த்தைத் தாங்க இயலாத சகோதரிகளும் நம் நடுவில் உண்டு. இந்த வாரம் அவர்களை நினைத்து எழுதுகிறேன்.

போடிநாயக்கனூரிலிருந்து நாள்தோறும் விடியுமுன் ஜீப்புகள் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டுச் சாலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி ஏலத்தோட்டங்களுக்குச் செல்கின்றன. அவ்வாறு மலைக்குச் சென்று ஏலக்காய் பறித்துவந்த இளம் சகோதரி ஒருவருக்கு இரு சிறுநீரகங்களும் செயலிழந்தன. ஜீப் ஏறியவர், வாரம் மூன்று நாள் டயாலிசிஸுக்காகப் பேருந்து ஏறலானார். ஒரு ஜெபக்கூட்டத்தின் முடிவில் அவர் என்னிடம், “ஐயா, எனக்கு ஒரு பிள்ளை வேணும்னு ஜெபிக்கலாமா? விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்குன்னு சொந்தக்காரங்க கேக்குறாங்க” என்றார். நான் அவரையும் அவர் கணவரையும் அழைத்துக்கொண்டு மருத்துவரிடம் சென்றேன்.

அன்று மருத்துவர் விளக்கியவை யாவரும் அறியவேண்டியவை. டயாலிசிஸ் செய்துகொள்ளும் பெண்கள் கருத்தரிப்பது அரிது. மாதவிலக்கு ஒழுங்காக இராததால், கருத்தரித்தாலும் தாமதமாகவே தெரியவரும். தாயின் இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு உயரலாம், இரத்தசோகை மிகலாம். கரு கலையலாம், குழந்தை குறைமாதத்தில், குறைந்த எடையுடன் பிறக்கலாம். இரத்த அழுத்தத்திற்கான மாத்திரைகளில் சில கருவுக்குத் தீங்கானவை. அவற்றை மருத்துவரே மாற்றித் தரவேண்டும், தாமாக நிறுத்தலாகாது.

வழி முற்றிலும் அடைபட்டதென்றும் சொல்லமுடியாது. டயாலிசிஸில் இருந்த ஒரு தாய் நலமாகப் பிள்ளை பெற்ற செய்தி 1971இல் இத்தாலியிலிருந்து வந்தது. 2014இல் வெளியான கனடா, அமெரிக்கா ஆய்வொன்றில், வாரம் 36 மணி நேரத்திற்கு மேல் டயாலிசிஸ் பெற்ற தாய்மாரில் நூற்றுக்கு 85 கர்ப்பங்களில் குழந்தை உயிருடன் பிறந்தது. 20 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ பெற்றவர்களில் அது 48 மட்டுமே. நம் ஊர்களில் வழக்கமாகக் கிடைப்பது வாரம் சுமார் 12 மணி நேரம். மலையடிவாரத்துக் கூலிக் குடும்பத்திற்கு 36 மணி நேரம் என்பது எவ்வளவு தூரம் என்று எண்ணிப்பாருங்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தி, குறைந்தது ஓராண்டு அது நிலையாக இயங்கியபின் கருத்தரிப்பதே பாதுகாப்பான வழி என்றார் மருத்துவர். அத்தம்பதியர் காத்திருக்கத் தீர்மானித்தார்கள்.

மருந்தை நாடுவது விசுவாசக் குறைவா? திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று கர்ப்பிணிகள் உதவியின்றி மரித்ததைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார், அதைத் தேவ அழைப்பாக ஏற்று மருத்துவம் கற்றார். அவர் வேலூரில் தொடங்கிய பணியே சி.எம்.சி. மருத்துவமனையாக வளர்ந்தது. இந்தியாவில் முதன்முதலாக வெற்றிகரமான சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை 1971இல் அங்கேதான் நடந்தது. மருத்துவரின் கரமும் தேவன் பதிலளிக்கும் கரமே.

1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தை மீண்டும் வாசியுங்கள். சாமுவேல் பிறக்கும் முன்னரே எல்க்கானா அன்னாளை நேசித்தான். அவளுக்குரிய பங்கைக் கொடுத்தான். ஆசாரியனாகிய ஏலியோ, அவள் உதடுகள் அசைவதைக் கண்டு, காரியத்தை விசாரியாமலே அவள் குடித்திருக்கிறாள் என்று எண்ணிவிட்டான். பிள்ளையில்லாத சகோதரியிடம் “விசேஷம் உண்டா?” என்று கேட்கும் நாமும் அவள் பாரத்தை அறியாமலே பேசுகிறோம். கர்ப்பத்தின் கனி கர்த்தருடைய ஈவு. அதைச் சுமக்கவேண்டிய தாயின் உயிரும் அவருடைய ஈவே.

ஆகவே சபையாரே, அந்தக் கேள்வியை விட்டுவிடுவோம். டயாலிசிஸுக்குச் செல்பவருக்குத் துணையாக ஒருவர் செல்லட்டும். பேருந்துக் கட்டணத்தைச் சபை ஏற்கட்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் அடங்கும் என்பதை அறியாதவருக்குச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவர் கருவுற்றிருக்கலாம் என்று எண்ணினால், ஒரு நாளும் தாமதியாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

ஜெபம்: எங்கள் பரம பிதாவே, பிள்ளைக்காக ஏங்கும் சகோதரிகளின் கண்ணீரை நீர் அறிவீர். அவர்கள் ஜீவனைக் காத்தருளும். அவர்களைப் பாரப்படுத்தாத நாவையும் தாங்கும் கரங்களையும் எங்களுக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் ஆமென்.