தார் விளிம்பு

உத்திரமேரூரைப் பற்றி யார் எழுதத் தொடங்கினாலும் குடவோலைக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். நானும் வருவேன், அதற்கு முன் சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

மாகறல் வழியாக வரும் காஞ்சிபுரம் சாலையிலும் வந்தவாசி சாலையிலும் காலை எட்டரை மணிக்குச் சைக்கிள்களின் வரிசை. பெரும்பாலானவை அரசு தந்தவை. 2001இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்கென்று தொடங்கிய திட்டம் 2005இல் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேல்நிலை மாணவர் அனைவருக்கும் விரிந்தது. பத்தாம் வகுப்போடு நின்றிருக்கக்கூடிய பெண்கள் பலர் இதனால் மேலே படித்தார்கள். மாறி மாறி வந்த ஆட்சிகள் கைவிடாமல் காத்த நல்ல காரியங்களில் ஒன்று இது. ஆனால் அந்தச் சைக்கிளை ஓட்டுவதற்கான இடத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

இருப்பதெல்லாம் ஒரு வெள்ளைக் கோடும் அதற்கு வெளியே ஒரு முழம் தாரும்தான். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரின் மேல் புதிய தார் ஏறுகிறது. பக்கத்து மண் அப்படியே கிடந்து மழையில் கரைகிறது. வருடங்கள் போகப் போக விளிம்பு ஒரு படியாகிவிடுகிறது. கல்குவாரியிலிருந்து ஜல்லியோ எம்-சாண்டோ ஏற்றிய டிப்பர் லாரி பின்னாலிருந்து ஹாரன் அடிக்கும்போது, புத்தகப்பை சுமந்த பிள்ளை அந்தப் படியில்தான் இறங்க வேண்டும். இறங்குவதைவிட மீண்டும் ஏறுவது ஆபத்து. முன்சக்கரம் விளிம்பில் உரசிக்கொண்டே போகும். திருப்பினால் ஏறாது, ஓட்டுபவர் வலப்பக்கம் சாய்வார். லாரி வருவதும் அந்தப் பக்கம்தான். நாற்பதைக் கடந்த நான் இறங்கி நின்று, லாரி போனபின் சைக்கிளைத் தூக்கி மேலே வைப்பேன். முதல் மணிக்குள் போய்ச்சேர வேண்டிய பிள்ளைக்கு அது கட்டுப்படியாகாது.

அறுவடைக் காலத்தில் அந்த ஒரு முழமும் போய்விடும். களம் இல்லாதவர்கள் நெல்லைச் சாலையோரத்தில் பரப்பி, சுற்றிலும் கல் வைத்திருப்பார்கள். அவர்களைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

சைக்கிளுக்குத் தனிப்பாதை என்றதும், இதென்ன ஹாலந்தா என்று நண்பர் ஒருவர் சிரித்தார். ஹாலந்திலும் அது தானாக முளைத்துவிடவில்லை. 1971இல் அங்கே சாலை விபத்துகளில் 3,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேல் குழந்தைகள். அதன் பிறகுதான் பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். நமக்கோ நெறிமுறை ஏற்கெனவே இருக்கிறது. மோட்டார் வண்டிகள் மணிக்கு 200ஐத் தாண்டும் சாலையில், நெரிசல் நேரத்தில் மணிக்கு 100 சைக்கிள்கள் போனாலே தனிப்பாதை நியாயம் என்று இந்திய சாலைக் காங்கிரஸ் 1962லேயே வகுத்துவிட்டது. ஊருக்கு ஊர் முழு நீளமும் வேண்டாம். பள்ளிகளிலிருந்து நாலைந்து கிலோமீட்டர், அகலம் 2 மீட்டர், இடையில் தடுப்பாக ஒரு கல்வரிசை போதும். மற்ற இடங்களில் மண்ணைத் தாரின் மட்டத்துக்குக் கொட்டி இறுக்கினாலே பெரிய நிம்மதி.

வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் குடத்தில் பெயர் இடத் தகுதியற்றவர்கள். நிலம் உள்ளவர்களுக்கே அந்தச் சபையில் இடம் என்பதை மறந்துவிட்டுப் பெருமைப்பட எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஏரி யார் பொறுப்பு என்பதற்கு அந்தச் சுவரில் பதில் இருந்தது. தார் விளிம்புக்கு அப்பாலுள்ள மண் யார் பொறுப்பு என்று இன்று கேட்டால் ஓர் அலுவலகம் இன்னோர் அலுவலகத்தைக் காட்டுகிறது.

மணிக்கு நூறு சைக்கிள் என்பதை எண்ணிப் பார்க்கப் பொறியாளர் வேண்டியதில்லை. பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும், வந்தவாசி சாலையில் ஓரிடத்தில் காலை எட்டிலிருந்து ஒன்பதரை வரை ஐந்து நாட்கள் நின்று எண்ண நண்பர் ஒருவர் என்னோடு வர ஒப்புக்கொண்டிருக்கிறார். லாரிகளைத் தனியே எண்ண வேண்டும். அதற்கு இன்னும் ஓர் ஆள் தேவை.