மஞ்சள் ஒயரும் நீல முனையும்

2020 ஜூன் 24 முதல் மதுரையில் முழு ஊரடங்கு. விளாங்குடியில் திண்டுக்கல் சாலையே ஓய்ந்து கிடந்தது. ஜூலையில் கல்வித் தொலைக்காட்சியில் பாடங்கள் வரத் தொடங்கின. எங்கள் வீட்டு டிவி அந்த வாரம் பார்த்து நின்றுபோனது. அக்கா மகள் அப்போது பத்தாம் வகுப்பு. பரணில் இருந்த பழைய பதினேழு அங்குல மானிட்டரைக் காட்டி, "மாமா, இதுல டிவி வராதா?" என்றாள்.

வரும் என்றுதான் நானும் நினைத்தேன். கேபிள் பெட்டியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று ஓட்டைகள். மானிட்டரில் இருந்ததோ பதினைந்து பின் கொண்ட நீல விஜிஏ முனை மட்டும். ஊரடங்கு தளர்ந்ததும் டவுன்ஹால் ரோட்டில் ஒரு ஒயர் வாங்கி வந்தேன். ஒரு தலையில் மூன்று நிறம், மறுதலையில் நீலம். இரண்டு பக்கமும் கச்சிதமாகப் பொருந்தியது. திரையில் 'சிக்னல் இல்லை' என்பதைத் தவிர வேறொன்றும் வரவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

கேபிள் வேலை பார்க்கும் தம்பி வந்து பார்த்தார். "பின்னு பொருந்துனா போதாதுண்ணே, நடுவுல ஒரு பெட்டி வேணும்" என்றார். அவர் சொன்னதன் காரணத்தைப் பிறகு தேடிப் படித்தேன். மஞ்சள் ஒயர் ஒற்றைக் கம்பிதான். நிறம், வெளிச்சம், வரிக் கணக்கு எல்லாம் அதற்குள்ளேயே கலந்து வரும். நம் நாட்டு 'பால்' (PAL) ஒளிபரப்பு முறையில் ஒரு படத்துக்கு 625 வரி. வினாடிக்கு 25 படம். அதாவது வினாடிக்கு 15,625 வரிகள். விஜிஏ மானிட்டர் எதிர்பார்ப்பதோ குறைந்தது ஏறக்குறைய 31,500 வரிகள். அதுவும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் வரவேண்டும். வெறும் ஒயர் இதையெல்லாம் பிரித்துக் கொடுக்காது. இதைச் சொல்லாமல் அந்த ஒயரை விற்பது தவறு என்றே இன்றும் நினைக்கிறேன்.

டிவி டியூனர் பெட்டி ஒன்று வாங்கினோம். கலந்து வரும் படத்தைப் பிரித்து, வரிகளை மானிட்டரின் வேகத்துக்கு ஏற்றிக் கொடுப்பது அதன் வேலை. படம் வந்தது, சத்தம் இல்லை. விஜிஏ வழியே ஒலி போகாது. கம்ப்யூட்டர் ஸ்பீக்கரைப் பெட்டியில் செருகியபிறகுதான் ஆசிரியையின் குரல் கேட்டது. கிட்டே உட்கார்ந்தால் எழுத்து மங்கியது. ஆறடி தள்ளிப் பாயை விரித்தோம். கணக்கு தெளிவாகத் தெரிந்தது.

இப்போது ஹெச்டிஎம்ஐ முனையுள்ள பெட்டிகள் வந்துவிட்டதால் வேலை எளிது. மானிட்டரிலும் அதே முனை இருந்தால் படத்துக்கு ஒரே ஒயர் போதும். விஜிஏ மட்டும்தான் என்றால் சிப் உள்ள கன்வெர்ட்டர் வாங்க வேண்டும்; அதில் ஒலிக்குத் தனி ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நகல் தடுப்புப் பூட்டு உள்ள நிகழ்ச்சி சில கன்வெர்ட்டர்களில் கறுப்பாகவே நிற்கும். அதனால் கடையிலேயே போட்டுக் காட்டச் சொல்லி வாங்குவது நல்லது.

உங்கள் பரணிலும் ஒரு மானிட்டர் கிடந்தால் பழைய சாமான் கடைக்கு எடை போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் என்ன முனை இருக்கிறது என்று பார்த்து, பொருத்தமான பெட்டியோடு, படிக்கிற பிள்ளை இருக்கும் வீட்டுக்குக் கொடுங்கள்.