டம்டம் தட்டும் இரண்டு கிராம் ஊசியும்

கொல்கத்தாவின் பார்க் ஸ்ட்ரீட்டிலிருந்து வடக்கே பிரியும் தெருவுக்கு மிர்ஸா காலிப் தெரு என்று பெயர். பெயர்ப் பலகை மட்டும்தான் அப்படிச் சொல்கிறது. ஊர்க்காரர்களுக்கு அது இன்னும் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்தான். ஆங்கில நாவலாசிரியர் தாக்கரே 1811ல் பிறந்த இடம் இங்கேதான். இன்று அங்கே ஆர்மீனியக் கல்லூரி இருக்கிறது. ஆனால் இந்தத் தெருவைத் தேடிக்கொண்டு வருபவர்களில் பலர் தாக்கரேவைப் படித்தவர்கள் அல்ல. அவர்கள் வருவது பழைய இசைத்தட்டு வாங்க.

ஒரு காலத்தில் அடுத்தடுத்து இருந்த தட்டுக் கடைகளை இப்போது விரல் விட்டு எண்ணிவிடலாம். கடை என்று பெயரே தவிர, இரண்டு பேர் சேர்ந்தாற்போல் நிற்க இடமிருக்காது. கடைக்காரர் உட்காரும் முக்காலி போக மீதியெல்லாம் தட்டுகள். ஜிம் ரீவ்ஸுக்குப் பக்கத்தில் ரவிசங்கர். ஹேமந்த முகர்ஜிக்கு அடியில் 1975ல் வந்த 'ஷோலே'யின் வசனத் தட்டு. இடையில் எப்போதாவது, அட்டை கிழிந்த ஒரு தமிழ்ப் படப்பாட்டு. அகரவரிசை எல்லாம் கிடையாது. எது எங்கே இருக்கிறது என்பது கடைக்காரரின் தலைக்குள் மட்டும்தான் இருக்கிறது.

மேற்கத்தியத் தட்டுகள் இங்கே குவிந்ததற்குக் காரணம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பார்க் ஸ்ட்ரீட். 1960களில் அங்கே ஓட்டலுக்கு ஓட்டல் ஜாஸும் பாப்பும் ஒலித்தன. தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா ஐயர், பின்னாளில் உஷா உதுப், காஞ்சிபுரம் பட்டும் பெரிய பொட்டுமாக டிரிங்காஸ் மேடையில் நின்றதும் அந்தப் பத்தாண்டின் இறுதியில்தான். ஆனால் கொல்கத்தாவுக்கும் இசைத்தட்டுக்கும் உள்ள உறவு அதைவிடப் பழையது. அது பொழுதுபோக்கில் தொடங்கவில்லை, தொழிலில் தொடங்கியது.

1902ல் லண்டன் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃப்ரெட் கைஸ்பெர்க் கப்பலில் கல்கத்தா வந்து இறங்கினார். நவம்பரில் பதிவு தொடங்கியது. அந்தப் பதிவுகளில் நாடு முழுவதும் பேர் வாங்கிய குரல் கௌஹர் ஜானுடையது. மணிக்கணக்கில் பாட வேண்டிய கயாலையும் தும்ரியையும் மூன்று நிமிஷத்துக்குள் சுருக்கி, புனலுக்குள் முகத்தை நீட்டிப் பாடினார். பாட்டு முடிந்ததும் ஆங்கிலத்தில் தன் பெயரையும் உரக்கச் சொன்னார். இங்கே பதிவானவை தட்டாக உருவானது ஜெர்மனியின் ஹானோவரில். அங்கே லேபிள் ஒட்டுபவர்களுக்குப் பாடியது யார் என்று தெரிவதற்காகவே அந்த அறிவிப்பு என்று சொல்வார்கள்.

இந்தியக் குரல் ஜெர்மனிக்குக் கடல் தாண்டிப் போய்த் திரும்பி வருவதில் ஒரு வேடிக்கை இருந்தது. தட்டு செய்யத் தேவையான முக்கியப் பொருளே இந்தியாவிலிருந்துதான் போனது. அன்றைய தட்டு பிளாஸ்டிக் அல்ல, அரக்கு. சோட்டா நாக்பூர் காடுகளில் பலாசம், இலந்தை, குசும் மரக் கிளைகளில் ஒரு சின்னஞ்சிறு பூச்சி சுரக்கும் பிசின். அதைச் சுரண்டி எடுத்து, உருக்கி, வடித்து மூட்டை மூட்டையாகக் கல்கத்தா துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். கம்பெனி கணக்குப் பார்த்தது. 1908ல் சியால்டாவில் தட்டு ஆலை திறக்கப்பட்டது. 1920களின் இறுதியில் அது டம்டமுக்குப் பெரிதாக இடம் மாறியது.

டம்டம் என்றால் அதுவரை உலகத்துக்குத் தெரிந்தது துப்பாக்கிக் குண்டு. உடலுக்குள் போய் விரியும் அந்தக் கொடிய தோட்டாவுக்குப் பெயர் கொடுத்தது இங்கிருந்த ஆயுதச் சாலை. அதே ஊர் அடுத்த அரை நூற்றாண்டுக்கு இந்தியாவின் பாட்டுப் பட்டறையானது. அரக்கோடு கல்மாவும் கரியும் சேர்த்துப் பிசைந்த கலவையைச் சூடாக்கி, இரண்டு உலோக அச்சுகளுக்கு நடுவே வைத்து, நீராவியால் சுட்டு, அழுத்தி, தண்ணீரால் குளிர்விப்பார்கள். திறந்தால் தட்டு. வங்கக் கவி நஸ்ருல் இஸ்லாம் இந்தக் கம்பெனிக்காகப் பாட்டு எழுதினார், மெட்டமைத்தார், பாடகர்களுக்குச் சொல்லியும் கொடுத்தார்.

வங்காளம் மட்டுமல்ல. சென்னையில் பாடப்பட்ட எத்தனையோ கீர்த்தனைகளும் நாடகப் பாட்டுகளும் சினிமாப் பாட்டுகளும் தட்டாக வடிவெடுத்தது டம்டமில். நம் வீட்டுப் பரணில் கிடக்கும் பழைய எச்.எம்.வி., கொலம்பியா தட்டுகளை எடுத்துப் பாருங்கள். பாட்டு தமிழ், பிறந்த ஊர் டம்டம். பின்னாளில் தமிழ்ப் படத் தட்டுகளை ஏராளமாக வெளியிட்ட இன்ரெகோவும் கொல்கத்தாக் கம்பெனிதான்.

டம்டமுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. நிமிஷத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டை 1960 வாக்கில் இங்கிலாந்து கைவிட்டுவிட்டது. இந்தியக் கிராமங்களிலோ சாவி கொடுக்கும் கிராமபோன்தான் இருந்தது. அதனால் டம்டம் தொடர்ந்து 78ஐ அச்சிட்டது, பீட்டில்ஸ் பாட்டுகளைக்கூட. உலகெங்கும் உள்ள பீட்டில்ஸ் பைத்தியங்கள் இன்று அந்த இந்தியத் தட்டுகளுக்காகப் போட்டி போடுகிறார்கள். நம் ஏழ்மையும் சில சமயம் அபூர்வப் பொருளாகிவிடுகிறது.

1980களில் கேசட் வந்தது. மலிவு, உடையாது, பஸ்ஸிலும் டீக்கடையிலும் பாடும். அடுத்த பத்தாண்டில் இந்தியாவில் தட்டு அச்சிடும் தொழிலே நின்றது. கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா 2000ல் சரிகம என்று பெயர் மாற்றிக்கொண்டது. வீடுகளிலிருந்து வெளியேறிய தட்டுகள் எடைக்குப் போயின. அதில் தப்பித்தவைதான் ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டில் அடுக்கிக் கிடப்பவை.

அவற்றை வாங்குவது எப்படி? முதலில், அட்டையைப் பார்த்து மயங்கக் கூடாது. தட்டை உறையிலிருந்து உருவி, விளிம்பையும் நடு லேபிளையும் மட்டும் தொட்டுப் பிடித்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். மேலோட்டமான கீறல்கள் கண்ணுக்குத்தான் பயங்கரம், காதில் பெரும்பாலும் விழாது. நகத்தில் தட்டுப்படும் கீறல் 'டக் டக்' என்று கேட்கும். இரண்டையும் விட மோசமானது, கீறலே இல்லாமல் சாம்பல் பூத்த மாதிரி மங்கிக் கிடக்கும் தட்டு. தேய்ந்த ஊசியால் ஆயிரம் முறை உழப்பட்டது அது. எந்தச் சோப்பும் அதைத் திருப்பித் தராது. வெள்ளைப் புள்ளிகள் வேறு: அது கொல்கத்தா மழைக்காலத்தின் பூஞ்சணம். பெரும்பாலும் கழுவினால் போகும். கடைசியாக, தட்டைக் கண் மட்டத்தில் படுக்கையாகப் பிடித்து நெளிவு இருக்கிறதா என்று பாருங்கள்.

கழுவுவதிலும் ஜாக்கிரதை வேண்டும். வினைல் எல்.பி.யை மென்மையான சோப்புக் கரைசலும் காய்ச்சி வடித்த நீரும் கொண்டு கழுவலாம். 78 அரக்குத் தட்டில் ஸ்பிரிட் மட்டும் படவே கூடாது. மர அலமாரிக்கு பாலிஷ் போடும் ஆசாரியைக் கேளுங்கள், அரக்கு எதில் கரையும் என்று சொல்வார். ஸ்பிரிட் தோய்த்த ஒரு பஞ்சுத் துண்டு, எண்பது வருஷம் பிழைத்த குரலை ஒரு நிமிஷத்தில் அழித்துவிடும்.

தட்டு கிடைத்தாயிற்று. அதைப் பாட வைக்க என்ன வாங்குவது? பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான். தட்டுக்கு மணிக்கணக்கில் தேடுபவர்கள், கருவியை ஐந்து நிமிஷத்தில் வாங்கிவிடுகிறார்கள். சூட்கேஸ் வடிவில் பளபளவென்று வரும் மலிவு பிளேயர்கள் பார்க்க அழகு. அவற்றில் பலவற்றில் ஊசி தட்டை அழுத்தும் எடை ஐந்து கிராம் வரை போகும். கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. நல்ல டர்ன்டேபிளில் காந்தக் கார்ட்ரிட்ஜின் ஊசி ஏறக்குறைய இரண்டு கிராமில் ஓடும். கையின் பின்புறம் இருக்கும் எடைக்கல்லைத் திருகி அதைச் சரியாக வைக்கலாம். மூன்று கிராம் வித்தியாசம் என்ன செய்துவிடும் என்று கேட்கலாம். ஊசி முனை தலைமுடியை விட மெல்லியது. அந்த முனையில் விழும் ஒவ்வொரு கிராமும் தட்டின் தடத்தைத் தேய்க்கும்.

கொல்கத்தாவில் பழைய மெஷின்களும் கிடைக்கும். 78க்காக ஆசைப்பட்டு கேராட் போன்ற பழைய பிரிட்டிஷ் சேஞ்சரை வாங்கினால், உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரத்தைத் தொட்டுப் பாருங்கள். அது கல்லாகி இருந்தால் 'கடகட' சத்தம் பாட்டோடு சேர்ந்து வரும். பெல்ட்டில் ஓடும் மெஷின் சுலபம்; பெல்ட் தளர்ந்தால் மாற்றிவிடலாம். மோட்டாரே நேரடியாகத் தட்டைச் சுழற்றும் ஜப்பான் ரகம் உழைப்பாளி. 1972ல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல். 1200 அந்த வகை. 2010ல் அதன் உற்பத்தியை நிறுத்தினார்கள், 2016ல் மீண்டும் கொண்டுவந்தார்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த பழைய மெஷின் மலிவாகக் கிடைத்தால் கொஞ்சம் யோசியுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 110 வோல்ட் பிரச்னையைத் தீர்த்துவிடலாம். ஆனால் அங்கே மின்சாரம் விநாடிக்கு 60 சுழற்சி, இங்கே 50. பழைய ஏ.சி. மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகத்தான் ஓடும். பாட்டு இழுவையாவதோடு, சுருதியும் சுமார் மூன்று ஸ்வரஸ்தானம் இறங்கிவிடும். இதைக் கண்டுபிடிக்கச் சங்கீத ஞானம் வேண்டாம். 180 கோடுகள் போட்ட வட்டக் காகிதத்தைத் தட்டின் மேல் வைத்து, 33⅓ வேகத்தில் ஓடவிட்டு, டியூப் லைட் வெளிச்சத்தில் பாருங்கள். கோடுகள் அசையாமல் நின்றால் வேகம் சரி. நகர்ந்தால், பாடகரின் சுருதி நகர்கிறது என்று அர்த்தம்.

78 கேட்க வேண்டுமென்றால் ஊசியும் வேறு. எல்.பி. ஊசி முனையின் ஆரம் ஏறக்குறைய 18 மைக்ரான். 78க்கு 75. எல்.பி. ஊசியை 78ல் வைத்தால் அகலமான தடத்தின் அடியில் விழுந்து அழுக்கைத்தான் பாடும். 78 ஊசியை எல்.பி.யில் வைத்தால் தட்டே காலி. சாவி கொடுக்கும் கிராமபோன் அலங்காரத்துக்கு அழகு. ஆனால் அதன் ஒலிப்பெட்டி நூறு கிராமுக்கு மேல் அழுத்தும். அதனால்தான் அந்நாளில் ஒரு பக்கத்துக்கு ஓர் ஊசி என்று மாற்றினார்கள். வினைல் தட்டை அதில் வைப்பது, புத்தகத்தின் மேல் ஏர் ஓட்டுவது மாதிரி.

ஆம்ப்ளிஃபயரில் 'போனோ' என்று எழுதிய துளை இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். காந்தக் கார்ட்ரிட்ஜ் தருவது சில மில்லிவோல்ட் மட்டுமே. தட்டில் பதியும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தே பதிந்திருப்பார்கள். அதைத் திரும்பக் கூட்டுவது இந்தப் போனோ சர்க்யூட்தான். அது இல்லாவிட்டால் மிருதங்கம் தகர டப்பா மாதிரி கேட்கும்.

இத்தனை கவலை எதற்கு, எல்லாப் பாட்டும் போனிலேயே கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாம் கிடைப்பதில்லை. மும்பையில் 1935ல் தொடங்கி இருபது ஆண்டுகள் தட்டு வெளியிட்ட 'யங் இண்டியா' லேபிளின் கதையைப் பாருங்கள். கம்பெனி மூடியது. அதன் பாட்டுகளை டிஜிட்டலாக்க பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணத் திட்டம் உதவ முன்வந்தபோது, பதிவுகள் கிடைத்தது ஏதோ கம்பெனிப் பெட்டகத்திலிருந்து அல்ல, தனியார் சேகரித்து வைத்திருந்த தட்டுகளிலிருந்துதான். அந்த வேலையில் முன்நின்றவர்கள், 1990ல் மும்பையில் தொடங்கிய இந்திய இசைத்தட்டு சேகரிப்பாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். சிறு கம்பெனிகளின் விஷயத்தில் தட்டுதான் ஆவணம், வைத்திருப்பவர்தான் காப்பகம். நல்ல ஊசி வாங்க யோசிக்கும் ஒருவர், தன் காசை மட்டும் மிச்சம் பிடிப்பதில்லை. வேறு யாரிடமும் இல்லாத ஒரு குரலைத் தினம் கொஞ்சம் சுரண்டிக்கொண்டிருக்கிறார்.

2024ல் மும்பைப் பகுதியில் தட்டு அச்சிடும் ஆலை ஒன்று மறுபடி தொடங்கியிருக்கிறது. இளைஞர்கள் புதுத் தட்டு வாங்குகிறார்கள். சந்தோஷம். புதுத் தட்டு தேய்ந்தால் இன்னொன்று அச்சிடலாம். ஃப்ரீ ஸ்கூல் ஸ்ட்ரீட்டில் தூசியோடு கிடக்கும் 78ஐ இனி யாரும் அச்சிடப் போவதில்லை.

அப்படி ஒன்று கிடைத்து, ஹௌராவில் சென்னை மெயில் ஏறுகிறீர்கள் என்றால் சில விஷயங்கள். அரக்குத் தட்டைப் படுக்க வைத்து மேலே மூட்டை ஏற்றாதீர்கள். இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே நிற்க வைத்து, துணி சுற்றி, கைப்பையிலேயே கொண்டு வாருங்கள். வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் உடனே ஓட விடாதீர்கள். முதலில் கழுவுங்கள், சரியான ஊசியை மாட்டுங்கள், எடையைப் பாருங்கள். பிறகு ஒருமுறை பாடவிட்டு, பாடும்போதே கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். அதன் பிறகு எத்தனை முறை கேட்டாலும் தட்டுக்குத் தேய்மானம் இல்லை.