கடலடி இறாலுக்குக் கணக்கு

கோவை உக்கடம் மீன் சந்தையில் வந்திறங்கும் இறால் பெட்டிகளை எண்ணினால் பிடிபட்டது எவ்வளவு என்று தெரியும். கடலில் மிஞ்சியிருப்பது தெரியாது. விசைப்படகுக்காரர்கள் இறால் கிடக்கும் இடம் பார்த்தே மடியை (இழுவலையை) இறக்குவதால், மொத்த இருப்பு தேய்ந்துவரும் காலத்திலும் வரத்து கொஞ்ச நாள் நன்றாகவே இருக்கும். மொத்த இருப்பை அறியச் செய்யும் அடியிழுவை ஆய்வில் பாடு (ஒருமுறை மடி இழுப்பது) விழும் இடத்தை முன்கூட்டி வரைந்த திட்டம் முடிவுசெய்கிறது. ஆழத்தை வைத்துக் கடலைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் இடங்களைக் குலுக்கலில் எடுப்பார்கள். அங்கே இறால் இல்லாவிட்டாலும் இழுத்தாக வேண்டும். வெறும் மடி வந்தாலும் அது கணக்கில் சேரும்.

தமிழகத்தில் இத்தகைய ஆய்வுக்கு நல்ல உதாரணம் பாக் நீரிணை. இங்கு கிடைக்கும் பச்சைப் புலி இறால், குஞ்சுப் பருவத்தைக் கடற்புல் திட்டுகளில் கழிக்கிறது. பகலில் மணலுக்குள் புதைந்து கிடந்து இரவில்தான் வெளியே வருகிறது. ஒரு பாட்டைப் பகலிலும் அடுத்ததை இரவிலும் போட்டு ஒப்பிட்டால், இல்லாத ஏற்றத்தாழ்வு இருப்பதாகத் தோன்றும்.

கோவையிலிருந்து போய் ஆய்வுப் படகின் மேல்தளத்தில் நிற்பவர் கவனத்தை ஈர்ப்பது வேலையாட்களின் கைப்பழக்கம். மடியின் வாயை விரிக்கும் இரண்டு பலகைகளும் ஒரே சீராக விரிய வேண்டும், இரண்டு பக்கமும் கயிறு ஒரே அளவில் ஓட வேண்டும். மடி தரையைத் தொட்டதும் நேரம் குறிக்கப்படும். வேகம் கூடினால் மடி தரையை விட்டு எழும்பிவிடும். ஆய்வின் நம்பகம் இவர்கள் கையில் இருக்கிறது, ஆனால் அறிக்கைகளில் இவர்களுக்குக் கிடைக்கும் இடம் மிகச் சிறியது.

மடி அவிழ்ந்ததும் கலந்து கிடக்கும் நண்டு, கணவாய், சிறுமீன்களிலிருந்து இறாலைப் பிரிப்பார்கள். குவியல் பெரிதென்றால் நன்றாகக் கலந்து ஒரு பங்கை மட்டும் எடுத்து எடை போடுவார்கள். கண்குழியிலிருந்து தலையோட்டின் பின்விளிம்பு வரை மில்லிமீட்டரில் அளந்து, ஆண் பெண் பிரித்து, பெண்ணின் முதுகில் ஓட்டுக்குள் தெரியும் முட்டைப்பையின் முதிர்ச்சியையும் குறிப்பார்கள்.

கணக்கு எளிது. மடியின் மேல்கயிறு 20 மீட்டர், அதில் பாதி அகலமே உண்மையில் விரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 2.5 கடல்மைல் வேகத்தில் ஒரு மணி நேரம் இழுத்தால் ஏறத்தாழ 0.046 சதுர கிலோமீட்டர் தரை துழாவப்படும். 2 கிலோ இறால் கிடைத்தால் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 43 கிலோ. வழியில் இருந்ததில் பாதி தப்பியது என்று கொண்டால் 86 கிலோ. அந்தப் பாதி என்பது அனுமானம்தான். அதனால் மொத்த டன் கணக்கைவிட, ஒரே மடி, ஒரே முறை, ஒரே பருவம் என்று ஆண்டுதோறும் செய்து பெறும் ஏற்ற இறக்கமே அதிகம் நம்பத்தக்கது.

எல்லா நீரிலும் இந்த முறை செல்லாது. பவானிசாகர் அணையின் அடியில் நீரில் மூழ்கிய டணாயக்கன் கோட்டையின் கோயில் கற்கள் கிடக்கின்றன. இழுத்தால் மடி கிழியும். பரிசல்காரர்கள் விடும் செவுள்வலைதான் அங்கே கணக்குக்கு வழி. கடலிலும் பாறை, பவளத் திட்டுகளை விலக்க வேண்டும். இழுவை கடலடியைக் கிளறுவதால், கடற்புல் திட்டுகளில் ஆய்வுக்கென்றாலும் பாடு போடாமலிருப்பதே சரி.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை நடப்பில் இருக்கிறது. தடைக்கு முன்னும் பின்னும் ஒரே இடங்களில் பாடு போட்டால், இளம் இறால் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை நீள அளவுகளிலிருந்து படிக்கலாம்.