பெயரை வெட்டச் சொல்லாதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. வவுணதீவுப் பக்கம் பிள்ளைகளை விளையாட்டுக்கு அனுப்பும் பெற்றோரும், கழகத் தம்பிமாரும் கட்டாயம் வாசியுங்கள்.

எங்கள் கபடி அணியில் ஒரு பிள்ளைக்கு முழங்கால் சவ்வு கிழிந்துவிட்டது. பெயர், வகுப்பு வேண்டாம். ஒன்பது மாதமாவது விளையாட்டில் இறங்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதோடு பிள்ளை பாடசாலைக்கும் வராமல் விட்டாள். வீட்டுக்குப் போனேன். “இனி என்ன டீச்சர், பேர வெட்டிட்டு வேற புள்ளயப் போடுங்க” என்றார் தாய். பிள்ளை அறைக்குள் இருந்து எட்டியும் பார்க்கவில்லை.

நம் பொடியன்களுக்கு ‘யோக்கர்’ நடராஜனைத் தெரியும். சேலம், சின்னப்பம்பட்டிக்காரர். அவர் எத்தனை தரம் வெளியே நின்றார் என்பதுதான் பலருக்குத் தெரியாது. 2015இல் ரஞ்சிக் கிண்ணத்தில் முதல் போட்டி ஆடியபோதே பந்துவீச்சு முறையில் பிழை என்று முறைப்பாடு. முறையை மாற்றிப் பழகி வந்தார். 2018இல் ஹைதராபாத் அணி 40 இலட்சம் ரூபாய்க்கு எடுத்தது. 2018இலும் 2019இலும் ஒரு போட்டிகூட ஆடவில்லை. ஆனாலும் அணி அவரை விடவில்லை. 2020இல் 16 விக்கெட் எடுத்தார். அதே வருடக் கடைசியில் அவுஸ்திரேலியா போனவர், மூன்று வகைக் கிரிக்கெட்டிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

அடுத்த சில மாதத்தில் முழங்கால் போனது. 2021 ஏப்ரலில் சத்திரசிகிச்சை. 2022 ஏலத்தில் அவரை 4 கோடிக்கு எடுத்தது வேறு யாருமல்ல, அந்தக் காலைப் பக்கத்தில் இருந்து பார்த்த அதே ஹைதராபாத் அணிதான். அந்த வருடம் 11 போட்டியில் 18 விக்கெட்.

எப்போதும் இப்படிக் கைகூடும் என்று சொல்ல வரவில்லை. 2025க்கு டெல்லி அணி 10.75 கோடி கொடுத்து எடுத்தது. பெரும்பாலான போட்டிகளில் அவர் வெளியிலேயே இருந்தார். துணிந்து எடுக்கிறவன் நட்டத்துக்கும் தயாராக இருக்க வேண்டும்.

மட்டக்களப்பில் புனித மிக்கேல் கல்லூரியால் கூடைப்பந்தும் நமக்குத் தெரிந்த விளையாட்டு. அமெரிக்காவில் ஷோன் லிவிங்ஸ்டன் என்று ஒருவர். 2007இல் 21 வயதில் முழங்கால் மூட்டே இடம் விலகி, சவ்வுகள் கிழிந்தன. காலையே எடுக்க வேண்டி வரலாம் என்றார்கள். பிறகு பல அணிகள் எடுத்துப் பார்த்து விட்டன. 2014இல் கோல்டன் ஸ்டேட் அணிக்கு வந்து 2015, 2017, 2018 என்று மூன்று தரம் சம்பியன் ஆனார். பழைய துள்ளல் திரும்பவில்லை. தன் உயரத்தை வைத்து, கூடைக்குக் கிட்டப் போய் நிதானமாக எறியப் பழகிக்கொண்டார்.

இருவர் கதையிலும் நான் பார்ப்பது ஒன்றுதான். குணமாகும்வரை அவர்களுக்கு நேரம் கொடுக்க ஆள் இருந்தது. நம் ஊரில் இரண்டு விதமாக நடக்கிறது. ஒன்று, காயம்பட்ட அன்றே பெயரை வெட்டுகிறோம். மற்றது, வீக்கம் வற்றிவிட்டது என்று ஸ்பிறே அடித்து, பட்டி கட்டி, இறுதிப் போட்டிக்கு இறக்குகிறோம். வீக்கம் வற்றினால் சவ்வு பொருந்திவிட்டது என்று அர்த்தமில்லை. அவசரப்பட்டு இறங்கினால் திரும்பக் கிழியும். பயிற்சி செய்து தொடைத் தசையைப் பலப்படுத்தி, டொக்டர் சரி என்ற பிறகுதான் இறங்கலாம்.

நானும் உடற்கல்வி ஆசிரியரும் கதைத்து ஒரு முடிவெடுத்தோம். இந்த வருடம் வலய மட்டத்தில் அவளுடைய இடத்தில் இன்னொரு பிள்ளை ஆடும். பயிற்சிக் கொப்பியில் அவளுடைய பெயர் அப்படியே இருக்கும். அடுத்த வருட அணியிலும் அவளுக்கு இடம் வைத்திருக்கிறோம். கால் ஒத்துழைக்காமலும் போகலாம், தெரிந்துதான் செய்கிறோம்.

போன கிழமை வந்தாள். வாங்கில் இருந்து புள்ளி எழுதினாள். பாதியில் எழுத்தை விட்டுவிட்டு, “இடப்பக்கம் ஆளில்ல, அங்கால போ!” என்று கத்தினாள். அடுத்த நாள் வகுப்புக்கும் வந்தாள்.

இப்போது உங்களிடம் ஒரு உதவி. கால் பயிற்சிக்குக் கிழமைக்கு இரண்டு நாள் வலையிறவுப் பாலம் தாண்டி மட்டக்களப்பு போக வேண்டும். தாய் வயல் கூலிக்குப் போகிறவர். அவர் கூடப் போனால் அன்றைய கூலி இல்லை, ஓட்டோக் காசும் வேண்டும். காசு கேட்கவில்லை. காலையில் டவுனுக்கு ஓட்டோ ஓடும் சகோதரர்கள் யாராவது ஏற்றிப்போனால் போதும். துணைக்கு எங்கள் டீச்சர்மார் முறை வைத்துப் போவோம்.

முடிந்தவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள். பிள்ளை யாரென்று கொமெண்ட்டில் கேட்க வேண்டாம்.