சீயமங்கலம்: கல்லைக் குடைந்த ஊரில் வாஷிங் மெஷினில் எதைக் கழற்றலாம்?

செஞ்சிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ராஜகிரி, கிருஷ்ணகிரி என்று கோட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராத்தியர் காலக் கோட்டைகளில், தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி மட்டும்தான். அந்தப் பெருமையோடு இன்னும் கொஞ்சம் வடக்கே, தேசூர் பக்கம் போனால் சீயமங்கலம் வரும். நெல், மல்லாட்டைக் கொல்லைகள், நடுவே உருண்டு திரண்ட பாறைகள்.

அந்தப் பாறை ஒன்றைத்தான் ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மப் பல்லவன் குடைந்தான். கல்வெட்டு சொல்லும் பெயர் அவனிபாஜன பல்லவேஸ்வரம். ஊரார் வாயில் தூணாண்டார் கோயில். தூணின் மேல்பகுதியில் ஒரு குட்டி ஆடல்வல்லான் இருக்கிறார். தமிழகத்தின் மிகப் பழைய நடராஜர் சிற்பங்களில் இதுவும் ஒன்று. பாம்பைக் கண்டு மிரண்டு சட்டென்று காலைத் தூக்குகிற புஜங்கத்ராசிதக் கரணம். பார்க்காமல் வந்துவிடாதீர்கள். பக்கத்துக் குன்றில் சமணத் தீர்த்தங்கரர்களின் சிற்பங்களும் உண்டு.

செஞ்சிக்குத் தெற்கே, விழுப்புரம் சாலையில் இருக்கும் மண்டகப்பட்டிலும் இதே மன்னன் ஒரு கோயில் குடைந்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கட்டியதாக அங்கே கல்வெட்டில் பெருமையாகப் பொறித்திருக்கிறான். கழற்ற முடியாத கட்டடம் என்றால் அதுதான். ஸ்பேர் பார்ட்ஸே கிடையாது!

இந்த வட்டாரத்து வீடுகளின் பின்கட்டில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் நிற்கும் வாஷிங் மெஷின் நேர் எதிர். அதில் எல்லாமே கழன்று வரும். கழற்றலாமா என்பதுதான் கேள்வி.

கெட்டுப்போனால் செஞ்சியிலிருந்தோ சேத்துப்பட்டு, வந்தவாசியிலிருந்தோ மெக்கானிக் வர வேண்டும். பார்ட்ஸ் வாங்கிக்கொண்டு இன்னொரு நாள் வருவது அவருக்கும் சிரமம், வீட்டுக்காரருக்கும் செலவு. அதனால் அடிக்கடி காதில் விழும் வசனம், “இதைக் கழட்டி விட்டுடறேன்க்கா, தண்ணி நல்லா வரும்.”

அவர் ‘இதை’ என்பது பெரும்பாலும், தண்ணீர்க் குழாய் மெஷினோடு சேரும் இடத்தில் இருக்கும் விரல்நுனி அளவுச் சல்லடை. இங்கே நிலத்தடி நீர் பாறை வெடிப்புகளில்தான் தங்குகிறது. போர் தண்ணியோடு பொடி மணலும், பழைய இரும்புக் குழாயாக இருந்தால் துருவும் வரும். சல்லடை அடைத்தால் தண்ணீர் நூலாக இறங்கும். மெஷின் பொறுமையிழந்து எர்ரர் காட்டும். சல்லடையைப் பிடுங்கிவிட்டால் அன்றைக்குத் தண்ணீர் கொட்டும்தான். ஆனால் அந்த மணல் அடுத்து போய் உட்காரும் இடம், மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு. அதன் ரப்பருக்கு அடியில் ஒரு மணல் துகள் சிக்கினாலும் வால்வு முழுதாக மூடாது. மெஷினை அணைத்த பிறகும் தண்ணீர் சொட்டிச் சொட்டி டிரம் நிறையும். பிறகு வால்வையே மாற்ற வேண்டும். குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கி, சல்லடையைக் குறடால் மெதுவாக இழுத்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் திரும்பப் பொருத்த பத்து நிமிடம் போதும்.

சல்லடை சுத்தமாக இருந்தும் தண்ணீர் வரவில்லையா? மாடியில் இருக்கும் தொட்டியைப் பாருங்கள். ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். பல ஃபுல்லி ஆட்டோமேட்டிக் மாடல்கள் குறைந்தது 0.3 முதல் 0.5 பார் வரை கேட்கும். ஒற்றை மாடி வீட்டின் கூரையிலேயே தொட்டி உட்கார்ந்திருந்தால், மெஷினுக்கு மேல் இரண்டு, இரண்டரை மீட்டர்தான் தேறும். குற்றம் சல்லடையில் இல்லை. தொட்டிக்கு மேடை கட்டலாம், சின்ன பிரஷர் பம்ப் போடலாம். புதிதாக வாங்குபவர்கள், இந்த அழுத்தத் தொல்லை அதிகம் இல்லாத செமி ஆட்டோமேட்டிக்கையும் யோசிக்கலாம். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

உயிரோடு விளையாடும் விஷயம் வேறொன்று. பிளக்கில் இருக்கும் மூன்றாவது பின்.

பழைய வீட்டு சாக்கெட்டில் பெரிய பின் நுழையவில்லை என்றால், தடிமனான அந்த பின்னைக் கழற்றிவிடுவதோ, இரண்டு பின் அடாப்டர் மாட்டுவதோ சாதாரணமாக நடக்கிறது. மெஷின் ஓடவும் செய்கிறது. அதனால்தான் ஆபத்து தெரிவதில்லை. மற்ற இரண்டைவிட எர்த் பின் நீளமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. சொருகும்போது முதலில் சேர்ந்து, பிடுங்கும்போது கடைசியாகப் பிரிய வேண்டும். உள்ளே ஒயர் உராய்ந்து இரும்பு உடம்பில் மின்சாரம் ஏறினால், அது இறங்கிப்போகும் வழி இதுதான். வழியை அடைத்துவிட்டால், ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று துணி எடுக்கிற ஆள்தான் வழி. தொட்டால் ‘சுர்’ரென்கிறது என்று சொல்லிக்கொண்டே அந்த மெஷினில் துவைக்க வேண்டாம். உடனே நிறுத்துங்கள்.

பின் இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் பாறை நாட்டின் சங்கடம். பாறையும் காய்ந்த செம்மண்ணும் மின்சாரத்தை எளிதில் வாங்காது. அதனால்தான் எர்த் குழியில் கரியும் உப்பும் போடுவது, கோடையில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவது எல்லாம். எலக்ட்ரீஷியனிடம் எர்த்தைச் சோதிக்கச் சொல்லி, அப்படியே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டிவிடுவது நல்லது. கசிவு வந்தால் அது கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும்.

மெஷின் அடியில் இருக்கும் எலித் தடுப்பையும் பலர் திரும்ப மாட்டுவதில்லை. கொல்லையை ஒட்டிய வீடுகளில் எலிக்குச் சொல்லியா தர வேண்டும்? ஒயரை அது கடித்த பிறகு வரும் பில், தடுப்பின் விலையைவிட நிச்சயம் அதிகம். உப்புத் தண்ணியில் ஹீட்டர் மேல் வெள்ளைப் படிவு ஏறும். அதற்காக ஹீட்டரையே கழற்றினால் பல மெஷின்கள் எர்ரர் காட்டி நின்றுவிடும். கையேட்டில் சொன்னபடி படிவு நீக்கும் பொடி போட்டு ஓட்டலாம். சாதாரண அழுக்குக்குக் குளிர்நீர் புரோகிராமே போதும்.

வாரன்டி இருக்கும் மெஷினில் வெளியாள் கை வைத்தால் அது போய்விடக்கூடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பரில் இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. புகாருக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாற்றிய பழைய பார்ட்டைக் கையில் கேட்டு வாங்கவும் கூச்சப்பட வேண்டாம்.

இத்தனை ‘கழற்றாதே’வுக்கு நடுவே, கம்பெனி மாட்டி அனுப்பியதில் கட்டாயம் கழற்ற வேண்டியதும் ஒன்று இருக்கிறது. ஃப்ரன்ட் லோடு மெஷினின் முதுகில் இருக்கும் நீளமான போல்ட்டுகள். பெரும்பாலும் நான்கு. லாரியில் வரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் போட்டவை. அவற்றோடு ஓட்டினால் மெஷின் சாமி வந்த மாதிரி குதிக்கும், உள்பாகங்களும் சேதமாகும். கழற்றிய ஓட்டைகளைக் கூட வரும் பிளாஸ்டிக் மூடியால் அடைத்துவிட்டு, போல்ட்டுகளை ஒரு கவரில் போட்டு மெஷின் பின்னாலேயே கட்டித் தொங்கவிடுங்கள். வீடு மாற்றும் நாளில் தேடுவீர்கள்.