வடமூலை ஊற்று

புளி உலுக்கி முடிந்து பலா பழுக்கத் தொடங்கும் இடைவெளிதான் எங்களுக்குக் கோடை. கீழே போளூரில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது, மலைமேல் ஜமுனாமரத்தூரில் விடியற்காலைக்கு இன்னும் போர்வை வேண்டியிருக்கும். ஆனால் தண்ணீர்க் கஷ்டம் மலைக்கும் உண்டு. மாசி முடிவதற்குள் ஓடை வறண்டுவிடும். குடத்தைத் தூக்கிக்கொண்டு அம்மாவும் அக்காவும் இருட்டோடு கிளம்பினால், வெயில் ஏறிய பிறகுதான் திரும்புவார்கள்.

நான் உண்டு உறைவிடப் பள்ளியில் தங்கிப் படித்தவன். முழுப்பரீட்சை முடிந்ததும் தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மலைப்பாதையில் ஊருக்கு நடப்போம். 1997 ஏப்ரல் கடைசியில் அப்படிப் போய்ச் சேர்ந்தபோது ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்து, பனியன் காயப்போட்டு, பட்டணத்துப் பையன்கள் குடியேறியிருந்தார்கள். மலைக்குக் கீழே ஒரு கல்லூரியிலிருந்து வந்த நாட்டு நலப்பணித் திட்ட முகாம் அது. காந்தி நூற்றாண்டான 1969இல் நாடு முழுக்கத் தொடங்கிய திட்டம் என்பதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அன்றைக்கு எங்களுக்கு அவர்கள் ‘கேம்ப் அண்ணனுங்க’.

பள்ளிக்கூடத்துக்கு வெள்ளையடித்தார்கள். பஸ் நிற்கும் இடம் வரை பாதையைச் செதுக்கி மேடு பள்ளம் நிரவினார்கள். அந்தப் பாதை அடுத்த மழையிலேயே பாதி கரைந்தது. நிலைத்தது கிணற்று வேலை.

ஊருக்குக் கீழே நாவல் மரத்தடியில் கல் கட்டிய படிக்கிணறு ஒன்று இருந்தது. என் தாத்தா காலத்தில் ஊரே அதில்தான் குடித்ததாம். கட்டுச் சரிந்து, சருகும் சேறும் நிரம்பி, தவளை மட்டும் குடியிருந்தது. அதைத் தூர் வாரலாம் என்று ஊர்க் கவுண்டர் சொன்னதும் அண்ணன்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். பெரியவர்கள் வெட்டிக் கொடுக்க, நாங்கள் படிக்கு ஒருவராக நின்று இரும்புச் சட்டியைக் கைமாற்றி மேலே அனுப்பினோம். சேறு முழங்கை வரை வழியும். நசுங்கிய பித்தளைச் சொம்பு ஒன்று வந்தது. எந்த வீட்டுச் சொம்பு என்று கரையில் நின்ற பெண்கள் வெகுநேரம் வாதாடினார்கள்.

அடி மண் தெரிந்தும் தண்ணீர் வரவில்லை. அண்ணன்கள் நடுவில் ஆழமாகத் தோண்டிக்கொண்டே போனார்கள். கரையில் குந்தியிருந்த எங்கள் பெரியாயாவுக்கு அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

“நடுவுல நோண்டி என்னா ஆவப்போவுது தம்பி? ஊத்துக் கண்ணு வடமூலையில இருக்குது. நாவ மரத்து வேர் எந்தப் பக்கம் இறங்குதுன்னு பாரு.”

“எங்கன்னு காட்டுங்க பாட்டி, அங்கயே வெட்டுறோம்.”

பெரியாயா ஒரு கூழாங்கல்லை எடுத்துக் குறி பார்த்து எறிந்தாள். கல் விழுந்த இடத்தில் ஒரு அண்ணன் கடப்பாறையைப் போட்டான். பாறை இடுக்கில் அடைத்திருந்த களிமண் பெயர்ந்ததும் ஈரம் கசிந்தது. நான் கடைசிப் படியில் நின்றதால் கிட்டத்தில் பார்த்தேன். முதலில் மணல் மட்டும்தான் அசைந்தது. விரல்நுனி அளவு இடத்தில் பொடிமணல் மேலெழும்பி, சுழன்று, ஓரமாக ஒதுங்கியது. அதன் நடுவே தண்ணீர் தெளிந்து வந்தது. யாரும் அதில் கால் வைக்கவில்லை.

மலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எங்களுக்கு எதையாவது சொல்லித்தரத்தான் வருவார்கள். இவர்கள் கேட்டார்கள். அந்த முகாம் செய்த நல்லவற்றில் இதையே முதலாவதாக வைப்பேன்.

சாயங்காலம் எங்கள் நேரம். காகிதத்தில் தொப்பியும் கொக்கும் மடிப்போம், பாட்டுப் பாடுவோம். நாங்கள் கில்லி கற்றுக்கொடுத்தோம், மரமேறக் கற்றுக்கொடுத்தோம். இருட்டியதும் எல்லாரையும் பாறைமேல் உட்கார வைத்து மேற்கே முகட்டுக்குச் சற்று மேலே காட்டினார்கள். ஹேல்-பாப் வால் நட்சத்திரம். மங்கலாக, வால் மேல்நோக்கி விரிந்திருந்தது. வால் முளைத்த நட்சத்திரம் ஊருக்கு ஆகாது என்று பெரியாயா முணுமுணுத்தாள். அது பனியும் தூசும் கலந்த கட்டி, சூரியனை நெருங்கும்போது ஆவியாகி வால் விடுகிறது, இனி இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் வரும் என்று ஒரு அண்ணன் விளக்கினான். காவலூர் கதையையும் அவன்தான் சொன்னான். எங்கள் மலையிலேயே இருக்கும் காவலூர் வானாய்வகத்தை, வானம் இருட்டாக இருக்கிறது என்பதற்காகவே வானியலாளர் வைணு பாப்பு அங்கே அமைத்தாராம். யுரேனஸ் கோளின் வளையங்களை 1977இல் கண்டறிந்த இடங்களில் காவலூரும் ஒன்றாம். வெளிச்சமில்லாத ஊர் என்று கீழே இருப்பவர்கள் இளக்காரமாகப் பேசிக் கேட்டிருந்த எனக்கு, அந்த இருட்டுக்காகவே ஆட்கள் தேடி வந்தார்கள் என்பது நெஞ்சு நிமிரும் செய்தி.

அடுத்த கோடையில் முகாம் வரவில்லை. சாமை விதைப்புக்கு முன்பு ஊர்க் கவுண்டர் வீட்டுக்கு ஓர் ஆள் என்று கூப்பிட்டார். பெரியவர்கள் நான்கு பேர் இறங்கினார்கள், மற்றதெல்லாம் பிள்ளைகள் படை. சருகு வாரி, வடமூலையை விரலால் துழாவிச் சுத்தம் செய்தோம். வேலை முடிந்ததும் ஊர்ப் பொதுவில் பலாப்பழம் அறுத்தார்கள். அதன்பிறகு லீவு விட்டாலே கிணற்று வேலை எப்போது என்றுதான் கேட்போம்.

இன்று மலையின் மேற்கு அடிவாரத்தில், சிங்காரப்பேட்டையை ஒட்டிய புளியானூரில் குக்கூ காட்டுப்பள்ளி இருக்கிறது. அதைச் சேர்ந்த மதுமஞ்சரி, தூர்ந்துபோன ஊர்க்கிணறுகளை ஊர்மக்களோடும் இளைஞர்களோடும் சேர்ந்து மீட்டெடுத்து வருகிறார். அந்த வேலையின் படங்களில் சட்டியைக் கைமாற்றும் வரிசையைப் பார்த்தால் அதில் போய் நிற்கத் தோன்றுகிறது.

எங்கள் ஊருக்கும் மேல்நிலைத் தொட்டி வந்துவிட்டது, தெருக்குழாயில் தண்ணீர் வருகிறது. பிள்ளைகள் விழுந்துவிடும், கிணற்றை மூடிவிடலாம் என்று ஒருமுறை பேச்சு எழுந்தது. காற்றடித்துக் கரண்டு போனால் மோட்டார் ஓடாதே, அப்போது என்ன செய்வது என்று எழுந்து கேட்டவர்கள் அன்று படிகளில் நின்ற பிள்ளைகள். கைப்பிடிச் சுவர் கட்டினோம், கிணறு இருக்கிறது.